மூடிய வடிசாலையின் விஸ்கி: தேர்ந்து வாங்க, திறக்க, ருசிக்க

1983-ல் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் போர்ட் எலன் வடிசாலை மூடப்பட்டது. அதன் பெயரில் சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியான மால்ட்டிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) விற்பனையே அப்போது மிக அரிது. அங்கே வடித்ததில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிகளுக்குள் போய்க் கரைந்தது. 1970-களில் அளவுக்கு மீறி வடித்துக் கிடங்குகளை நிரப்பியிருந்தார்கள். பிறகு எண்ணெய் விலையேற்றம் வந்தது, பொருளாதார மந்தம் வந்தது, இளைஞர்கள் வோட்கா பக்கம் போனார்கள். போர்ட் எலனின் உரிமையாளரான டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட் அந்த ஒரே ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட மால்ட் வடிசாலைகளை மூடியது. போர்ட் எலன், ப்ரோரா, பான்ஃப், க்ளென் ஆல்பின், க்ளென் மோர், செயின்ட் மேக்டலீன், நார்த் போர்ட், டாலஸ் டூ எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. 1985-ல் கான்வல்மோர், க்ளெனூரி ராயல், மில்பர்ன், கோல்பர்ன் போயின. 1993-ல் ரோஸ்பேங்க்.

இன்று இந்தப் பெயர்களுக்குத் தரும் விலைக்குக் காரணம் அந்த மூடலிலேயே இருக்கிறது. கேட்பாரில்லாமல் கிடங்கில் கிடந்த பீப்பாய்கள் 20, 30, 40 ஆண்டுகள் முதிர்ந்தன. ஓடிக்கொண்டிருக்கும் வடிசாலை எதுவும் இத்தனை பீப்பாய்களை இவ்வளவு காலம் விட்டுவைக்காது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். 250 லிட்டர் ஹாக்ஸ்ஹெட் பீப்பாய் ஒன்றில் 30 ஆண்டு கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ 136 லிட்டர். 70 சென்டிலிட்டர் பாட்டிலில் அடைத்தால் 190 சொச்சம். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். அதனால் வடிசாலையின் பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வடித்த ஆண்டு, பீப்பாய், அடைத்த நிறுவனம் மூன்றையும் பார்த்துக் கொடுங்கள். ஒரே பெயருக்குள் சொர்க்கமும் இருக்கிறது, ஓக் மரத்தைக் கடித்தது போன்ற கசப்பும் இருக்கிறது.

முதலில் ஆண்டு

ப்ரோராவை வைத்து விளக்கினால் எளிதாகப் புரியும். ஸ்காட்லாந்தின் வடக்கே சதர்லாந்தில் 1819-ல் கட்டிய பழைய க்ளைனலிஷ் வடிசாலைதான் பின்னாளில் ப்ரோரா ஆனது. 1967-68-ல் பக்கத்திலேயே புதிய க்ளைனலிஷ் எழுந்தது. பழையது சிறிது காலம் மூடிக்கிடந்தது. ஐலாவில் புகை மணமுள்ள மால்ட் விஸ்கிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1969-ல் பழையதைத் திறந்து, பீட் என்னும் சதுப்பு நிலக் கரியில் நன்றாகப் புகையேற்றிய பார்லியைக் கொண்டு வடிக்கத் தொடங்கினார்கள். கனத்த புகை 1973 வரை ஓடியது, பிறகு இடையிடையேதான். ஆகவே 1972 என்று போட்ட ப்ரோராவில் மாட்டுத்தொழுவம், ஈர வைக்கோல், புகை எல்லாம் சேர்ந்து எழும். 1981, 1982 என்றால் புகை அடங்கி மெழுகும் தேனும் முன்னே நிற்கும். புகை பிடிக்காதவர் 1972-க்குப் பல மடங்கு கொடுத்து வாங்கினால் பணமும் போச்சு, பாட்டிலும் போச்சு. இன்னொன்று: 1967-க்கு முன் வடித்த 'க்ளைனலிஷ்' எல்லாம் அந்தப் பழைய கட்டடத்தில் வடித்தவையே. லேபிளில் ப்ரோரா என்ற சொல்லைத் தேடுபவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

ரோஸ்பேங்க் ஃபால்கர்க் ஊரில் கால்வாய்க்கரையில் இருந்தது. மூன்று முறை வடிப்பார்கள். அதனால் உடல் மெலிந்து பூ மணம் வரும். ஆனால் ஆவியைக் குளிர்விக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் பழைய செம்புக் குழாய்களையே வைத்திருந்தார்கள். அந்தக் குழாய் விஸ்கிக்குக் கொஞ்சம் சதைப்பிடிப்பைத் திருப்பிக் கொடுத்தது. இந்த இரண்டும் சேர்ந்த வடிவம் அரிது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பை மேம்படுத்த ஆகும் செலவைக் காட்டி அதை மூடியது இன்றும் மனதைச் சுடுகிறது. போதாக்குறைக்கு 2008 கடைசியில் அங்கிருந்த செம்பு வடிகலன்களைத் திருடிக்கொண்டு போனார்கள். ரோஸ்பேங்க்கைப் பொறுத்தவரை 12 முதல் 21 வயதுக்குள் தேடுங்கள். மெலிந்த விஸ்கியை 30 ஆண்டு மரத்தில் ஊறவிட்டால் மரம்தான் பேசும்.

போர்ட் எலன் விஷயத்தில் பெரும்பாலும் கையில் கிடைப்பது 1978 முதல் 1983 வரை வடித்தவை. 2001 தொடங்கி 2017 வரை 17 அதிகாரபூர்வ ஆண்டு வெளியீடுகள் வந்தன. அவை விலை உச்சியில் இருக்கும். சிக்னேட்டரி, டக்ளஸ் லெயிங், கார்டன் அண்ட் மெக்பெயில் போன்ற தனி நிறுவனங்கள் ஒற்றைப் பீப்பாயிலிருந்து அடைத்தவை பல நேரம் அவற்றுக்கு ஈடு நிற்கும், விலையும் இறங்கும்.

லேபிளில் பொய் எங்கே தெரியும்

மூடிய வடிசாலையின் தேதிகள் மாறாதவை. அதுவே உங்களுக்குப் பெரிய ஆயுதம். போர்ட் எலன் 1930 வாக்கில் மூடி 1967-ல்தான் திரும்ப ஓடியது. எனவே 'போர்ட் எலன் 1960' என்று ஒன்று இருக்க முடியாது, 'போர்ட் எலன் 1985'-உம் இருக்க முடியாது. வாங்கும் முன் இந்த எல்லைகளைக் கையில் வையுங்கள்: ப்ரோராவும் செயின்ட் மேக்டலீனும் 1983 வரை, ரோஸ்பேங்க் 1993 வரை, லாக்சைட் 1992 வரை, இம்பீரியல் 1998 வரை, கேப்பர்டோனிச் 2002 வரை. ஜப்பானின் கருயிசாவா, ஹன்யு இரண்டும் 2000 வரை.

இப்போது ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. ப்ரோரா 2021-லும் ரோஸ்பேங்க் 2023-லும் போர்ட் எலன் 2024-லும் மறுபடி வடிக்கத் தொடங்கிவிட்டன. ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருந்தால்தான் ஸ்காட்ச் என்று பெயர். ஆகவே வரும் ஆண்டுகளில் அதே பெயரில் இளம் விஸ்கியும் அலமாரிக்கு வரும். அது நல்லதாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. வடித்த ஆண்டு லேபிளில் இல்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பழைய பாட்டிலின் காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஆல்கஹால் வலிமையைச் சதவீதத்தில் சொல்லாமல் பிரிட்டிஷ் 'ப்ரூஃப்' அளவில் மட்டும் சொன்னால் பெரும்பாலும் 1980-க்கு முன்பு அடைத்தது. 70 ப்ரூஃப் என்பது 40 சதவீதம், 100 ப்ரூஃப் என்பது 57.1 சதவீதம். ஐரோப்பியச் சந்தைக்கு 75 சென்டிலிட்டர் என்று இருந்தால் ஏறத்தாழ 1990-க்கு முன்பு. அமெரிக்கச் சந்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே 75 தொடர்ந்தது. அமெரிக்க லேபிளில் அரசு உடல்நல எச்சரிக்கை இருந்தால் 1989-லோ அதற்குப் பிறகோ அடைத்தது. பார்கோடு இருக்கும் பாட்டிலை '1960-களில் அடைத்தது' என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

உறுப்பினர்களுக்காக ஒற்றைப் பீப்பாய்களை அடைக்கும் ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டியின் பாட்டில்களில் வடிசாலையின் பெயர் இருக்காது, எண்தான். 43 என்றால் போர்ட் எலன், 61 என்றால் ப்ரோரா, 25 ரோஸ்பேங்க், 49 செயின்ட் மேக்டலீன். புள்ளிக்குப் பின் வரும் எண் எத்தனையாவது பீப்பாய் என்று சொல்லும். பெயர் தெரியாததால் விலை சற்றுத் தணிந்திருக்கும் இடம் இது.

பாட்டிலைச் சோதித்தல்

போலி இந்தத் தொழிலில் அரிதான விபத்து அல்ல. 2018-ல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று 55 அரிய பாட்டில்களைக் கதிர்க்கார்பன் முறையில் சோதித்தபோது 21 பாட்டில்கள் போலியாகவோ சொன்ன ஆண்டில் வடிக்காதவையாகவோ இருந்தன. 1950-களுக்குப் பின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 பார்லிக்குள் போய் விஸ்கிக்குள்ளும் வந்துவிடும். அதை மறைக்க முடியாது. வீட்டில் அந்தச் சோதனை நடக்காது. நடக்கக்கூடியவை இவை.

மட்டத்தைப் பாருங்கள். 2000-க்குப் பின் அடைத்ததானால் விஸ்கி கழுத்துக்குள் நிற்க வேண்டும். 1970-80 பாட்டிலில் தோளின் மேல்விளிம்பு வரை இறங்கியிருப்பது இயல்பு. தோளின் நடுவுக்குக் கீழே போயிருந்தால் கார்க் கசிந்திருக்கிறது; ஆல்கஹாலும் நறுமணமும் சேர்ந்தே போயிருக்கும், குடிக்க வாங்காதீர்கள். பழைய பாட்டிலின் மட்டம் புத்தம்புதிதாக மூடிவரை நிறைந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குளிரில் லேசான மங்கல் வருவது குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியின் குணம், கைச்சூட்டில் தெளியும். தெளியாத கலங்கலும் மிதக்கும் துணுக்குகளும் வேறு கதை. நிறத்தை அதே வெளியீட்டின் மற்ற பாட்டில்களின் ஏலப் படங்களோடு ஒப்பிடுங்கள். பாட்டிலை ஒருமுறை குலுக்கினால் 50 சதவீதத்துக்கு மேலுள்ள விஸ்கியில் குமிழ்கள் பெரிதாக எழுந்து சில நொடி நிற்கும், 40 சதவீதத்தில் சிறிதாக வந்து விரைவில் அடங்கும். இது தோராயமான சோதனைதான். ஆனால் பீப்பாய் வலிமை (தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்தபடியே அடைத்தது) 56 சதவீதம் என்று போட்ட பாட்டிலில் குமிழ் நிற்கவே இல்லையென்றால் காரணம் கேட்க வேண்டும். மூடியுறையில் இரண்டாவது சூட்டுத்தடம், லேபிள் விளிம்பில் பசை, கண்ணாடியில் பதித்த லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் அடைத்தது என்று சொல்வது) சுரண்டிய தடம் மூன்றையும் பூதக்கண்ணாடியால் தேடுங்கள்.

முழு பாட்டில் தேவையா

பலருக்குத் தேவையில்லை. 20 அல்லது 30 மில்லி மாதிரி வாங்குவதே முதல் முறைக்குச் சரி. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாட்டிலைப் பங்கிடலாம். 700 மில்லியில் 30 மில்லி வீதம் 23 பங்கு வரும், 10 மில்லி மிஞ்சும். சிந்துவதற்கு இடம்விட்டு 22 பங்கு என்று பேசிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குப்பி, உள்ளே கூம்பு வடிவ பாலித்தீன் அடைப்புள்ள மூடி வேண்டும். ரப்பர் சொட்டுமூடி வேண்டாம், ஒரே மாதத்தில் ரப்பர் வாடை ஏறும். குப்பியைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள்.

ஏலத்தில் எடுப்பதானால், கேட்கும் விலையைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நீங்கள் செலவிடத் தயாராக இருக்கும் மொத்தத் தொகையிலிருந்து ஏல நிறுவனத்தின் கமிஷன், அதன் மேல் வரி, காப்பீடு, அனுப்பும் செலவு, உங்கள் நாட்டுச் சுங்கம் எல்லாவற்றையும் கழித்து மிஞ்சுவதே நீங்கள் கேட்க வேண்டிய உச்சத் தொகை. ஏலம் சூடாகும்போது இந்தக் கணக்கைப் போட முடியாது, முன்பே எழுதி வையுங்கள். லண்டனிலோ சிங்கப்பூரிலோ வாங்கி இந்தியாவுக்குக் கையோடு கொண்டுவருபவருக்குச் சுங்கமில்லாமல் 2 லிட்டர் அனுமதி. விமான நிலையத்துக்கு வெளியே வாங்கிய முழு பாட்டில், விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் பெட்டியில்தான் போக வேண்டும். கழுத்தைச் சுற்றித் துணி, மேலே ஜிப் பை, நிமிர்ந்த நிலை.

வைத்திருப்பது

ஒயின் போலப் படுக்க வைக்காதீர்கள். 40 சதவீதத்துக்கு மேலான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும், நிமிர்ந்தே நிற்கட்டும். வெளிச்சம் படாத இடம், ஏறி இறங்காத வெப்பம். சென்னை, மதுரை வெயிலில் மேல்மாடி அறை அலமாரி ஆகாது. பகலில் சூடாகி இரவில் தணியும்போதெல்லாம் உள்ளே காற்று விரிந்து சுருங்கி, கார்க் வழியே மூச்சு விடும். தரைத்தளத்தில் உள்சுவர் ஒட்டிய அலமாரி நல்லது. அந்துருண்டையும் கற்பூரமும் இருக்கும் பீரோவில் மட்டும் வைக்க வேண்டாம். பழைய கார்க் அந்த வாடையை உள்ளே கொண்டுபோகும், பிறகு அதை எடுக்க வழியே கிடையாது.

திறப்பது

முதலில் உதிரி கார்க் ஒன்று, இரட்டைத் தகடு கார்க் எடுப்பான், எஃகு டீ வடிகட்டி, காபி ஃபில்டர் தாள், சுத்தமான காலிக் கண்ணாடிப் பாட்டில் ஆகியவற்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். 25, 30 ஆண்டு பழைய கார்க் உடையும் என்று நினைத்தே தொடங்க வேண்டும்.

உறையை நீக்கி, கழுத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பாட்டிலை ஐந்து விநாடி மட்டும் சாய்த்துக் கார்க்கை நனைத்து நிமிர்த்துங்கள். மூடியை ஒரு கையால் அசையாமல் பிடித்து, பாட்டிலின் அடியை மறு கையால் இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருகுங்கள். நேராக மேலே இழுத்தால் மூடித்தலை மட்டும் கையோடு வரும், கார்க் உள்ளேயே நிற்கும். அப்படி ஆகிவிட்டால் எடுப்பானின் நீளத் தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் செருகி, பிறகு குட்டைத் தகட்டையும் செருகி, முன்னும் பின்னும் அசைத்து இறக்கித் திருகியபடியே தூக்குங்கள். சுருள் திருகாணி பழைய கார்க்கைப் பொடியாக்கும், கடைசி வழியாகவே வையுங்கள்.

பொடிந்து உள்ளே விழுந்தால் அன்றே வடிகட்டிவிடுங்கள். காபி தாளை வெந்நீரில் அலசிக் காயவைத்தால் தாள் வாடை போகும். மேலே டீ வடிகட்டி, கீழே தாள், மெதுவாக ஊற்றுதல். உதிரி கார்க் போட்டு மூடுங்கள்.

ஊற்றுதல், முகர்தல்

அளவு 20 மில்லி. துலிப் வடிவச் சிறு கிளாஸ். சோப்பு வாடை இல்லாமல் வெறும் வெந்நீரில் கழுவியது. அறை 22 முதல் 24 டிகிரிக்குள் இருக்கட்டும். 33 டிகிரி அறையில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும், 30 ஆண்டு மணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஐஸ் கூடாது. காரக்குழம்பும் ஃபில்டர் காபியும் இரண்டு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஊதுபத்தி, வாசனைத் திரவியம் அந்த அறையில் வேண்டாம்.

ஊற்றியதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த விஸ்கி முதலில் ஈர அட்டை, பழைய செப்புக் காசு போல மணக்கும். 20 நிமிடம் விடுங்கள். பல நேரம் அது விலகிப் பழமும் மெழுகும் எழும். முக்கால் மணி நேரம் ஆகியும் பூஞ்சை வாடை மட்டுமே இருந்தால் கார்க் கெட்டு விஸ்கியையும் கெடுத்திருக்கிறது. அதற்கு மருந்தில்லை.

தண்ணீர் சேர்ப்பதில் கணக்கு உண்டு. கிளாஸில் உள்ள மில்லியை இப்போதைய வலிமையால் பெருக்கி, வேண்டிய வலிமையால் வகுத்து, கிளாஸில் உள்ள மில்லியைக் கழியுங்கள். 55 சதவீத விஸ்கி 20 மில்லியை 46-க்கு இறக்க ஏறத்தாழ 3.9 மில்லி. ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சால் அரை அரை மில்லியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் முகருங்கள். ஆர்.ஓ. நீர் போதும், குளோரின் வாடை வீசும் குழாய் நீர் கூடாது. 35 ஆண்டைத் தாண்டியவற்றில் பல பீப்பாயிலேயே வலிமை இறங்கி 45 சதவீதம் அளவில் இருக்கும். அவற்றில் தண்ணீர் சேர்த்தால் பெரும்பாலும் சப்பென்றாகி மரக்கசப்பு மட்டும் மிஞ்சும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்காட்ச் என்றே அழைக்க முடியாது என்பதால், சில பீப்பாய்களைச் சுவைக்காக அல்லாமல் சட்டத்துக்குப் பயந்தே அடைத்திருப்பார்கள். மிக முதிர்ந்த பாட்டிலில் 41, 42 என்று பார்த்தால் எச்சரிக்கை வேண்டும்.

பக்கத்தில் ஒரு உயிருள்ள உறவினரை வைத்துக் குடித்தால்தான் போனது என்ன என்று புரியும். ப்ரோராவுக்குப் பக்கத்தில் 46 சதவீத க்ளைனலிஷ் 14 வையுங்கள். இரண்டிலும் மெழுகு இருக்கும். க்ளைனலிஷில் ஒரு வடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே திரவம் தங்கும் தொட்டிகளில் படியும் படிவே அந்த மெழுகுக்குக் காரணம் என்பார்கள் அங்குள்ளவர்கள். ரோஸ்பேங்க்குக்கு அதேபோல் மூன்று முறை வடிக்கும் ஆக்கன்டோஷன். போர்ட் எலனுக்கு நேர் உறவு இல்லை. ஆனால் 1973-ல் அதன் பக்கத்தில் கட்டிய மால்ட் ஆலை இன்றும் ஓடுகிறது, ஐலா வடிசாலைகளுக்கு மால்ட் அங்கிருந்து போகிறது. அப்படி மால்ட் வாங்கும் லாகவூலினை வைக்கலாம். புகை குறைந்ததை முதலில், கூடியதைக் கடைசியில் குடியுங்கள்.

மிச்சமும் காலியும்

பாதிக்கு மேல் காலியானதும் உள்ளிருக்கும் காற்று மணத்தைத் தின்னத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போது 100, 200 மில்லி கண்ணாடிக் குப்பிகளுக்குக் கழுத்துவரை நிரப்பி மாற்றுங்கள். வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு, பீப்பாய் எண், திறந்த தேதி நான்கையும் குப்பியில் எழுதி ஒட்டுங்கள். முதிர்ந்து மெலிந்தவற்றை ஆறு மாதத்துக்குள் முடிப்பது நல்லது; கனத்த புகையுள்ளவை சற்றுக் கூடத் தாங்கும்.

காலி பாட்டிலை யாருக்கும் விற்க வேண்டாம், பழைய பேப்பர்க்காரருக்கும் அப்படியே போட வேண்டாம். போலி செய்பவர்கள் தேடுவது உண்மையான லேபிளும் உண்மையான கண்ணாடியும் உள்ள காலி பாட்டிலைத்தான். நினைவுக்கு வைத்துக்கொள்வதானால் லேபிளின் குறுக்கே அழியாத மையில் குடித்த தேதியை எழுதுங்கள். இல்லையென்றால் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்து, கண்ணாடியைச் சாக்குக்குள் போட்டு உடைத்துவிடுங்கள்.